புரட்டிய பக்கம்

அக்கா பியானோ வாசிக்கும்போது தங்கை பாத்திரம் தேய்க்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டது அக்கா. ஆனால் சாப்பிட்ட தட்டு தன்னைத்தானே கழுவிக்கொள்ளாது என்பதால், தங்கை குழாயை நூல் மாதிரி திறந்துவிட்டுச் சத்தமே வராமல் தேய்க்கக் கற்றுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயதில் ஒருத்திக்கு இப்படியொரு திறமை. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து பி ஃபிளாட் சொனாட்டா என்ற நீண்ட பியானோ உருப்படி வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் அவள் கை நின்றது. குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

“அந்தப் பக்கம் இல்லக்கா,” என்று கையிலிருந்த தட்டிடம் சொன்னாள்.

என்ன நடந்தது என்று புரிய சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்த மாதிரிப் பெரிய சொனாட்டாக்களின் முதல் பகுதி, வீட்டிலிருந்து கிளம்பிப் போகிற ஓர் ஆளின் கதை. தெருமுனை வளைவில் திரும்பி வெளியூர் போவார். அங்கே அலைந்து, படாத பாடெல்லாம் பட்டு, மறுபடியும் சொந்தத் தெருவுக்கே வருவார். தொடங்கிய ராகம் அச்சு அசலாகத் திரும்பவும் கேட்கும். ஆனால் இந்த முறை அதே வளைவில் மற்றப் பக்கம் திரும்ப வேண்டும். அப்போதுதான் வீடு. பழக்கதோஷத்தில் முன்பு திரும்பிய பக்கமே திரும்பிவிட்டால், மறுபடி வெளியூர், மறுபடி அலைச்சல், மறுபடி அதே வளைவு. நாள் முழுக்க வாசித்தாலும் முடியாது. நோட்ஸ் என்கிற இசைக்குறிப்புத் தாள் இல்லாமல் மனப்பாடமாக வாசிக்கிற அத்தனை பேரும் பயப்படுகிற இடம் அதுதான்.

அக்கா பயந்ததில்லை. நாற்பது வருடமாக அந்த வளைவில் கண்ணை மூடிக்கொண்டு திரும்பியவள். இன்றைக்குத் தப்பான பக்கம் திரும்பினாள். ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடியும் தப்பாகத் திரும்பினாள். பிறகு நட்டநடுவில் நிறுத்திவிட்டு, எல்லாம் முடிந்த மாதிரி குரல் கொடுத்தாள்.

“குட்டி, டீ போடறியா?”

“முடிச்சிட்டியாக்கா?”

“ஏன், காதுல விழலையா?”

அந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. தங்கை டீயில் சர்க்கரை போட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

அக்காவுக்கு அறுபத்திரண்டு. இசைக் கல்லூரியில் பியானோ சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம் “பியானோவ நகர்த்த இடமில்ல, இதுல புருஷன எங்க போடறது?” என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டாள். தங்கை அதே கல்லூரியில் நோட்ஸ் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டவள். புருஷன் போன பிறகு அக்காவோடு வந்து சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மேடையில் வாசிப்பவரின் இடது பக்கம் உட்கார்ந்து, நேரம் பார்த்து எழுந்து, நோட்ஸின் பக்கத்தைப் புரட்டிவிட்டு உட்காருவது. சரியாகச் செய்தால் அப்படியொருத்தி அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது. தப்பாகச் செய்தால் அரங்கம் முழுக்கத் தெரியும். நாற்பது வருடத்தில் ஒரு பக்கம்கூட அவள் தப்பாகப் புரட்டியதில்லை. வாழ்க்கையில் பெருமைப்பட அவளுக்கு இருந்தது இது ஒன்றுதான்.

அக்காவின் தனிக் கச்சேரிகளுக்கு மட்டும் அந்த வேலை இல்லை. அக்கா பேப்பரைப் பார்த்து வாசிக்க மாட்டாள். “பேப்பரப் பாத்து யாரு வேணா கதை சொல்லலாம். எனக்கு நடந்தத சொல்ல எனக்கு எதுக்கு பேப்பர்?” என்பாள். கல்லூரியில் பாதிப் பேருக்கு இதனாலேயே அவளைப் பிடிக்காது. மீதிப் பேருக்கு இதனாலேயே பிடிக்கும்.

டாக்டரிடம் போனார்கள். சும்மா ஒரு பொதுப் பரிசோதனை என்று சொல்லித்தான் தங்கை கூட்டிப்போனாள். டாக்டர் இளைஞர், நல்லவிதமாகப் பேசினார். மூன்று வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஐந்து நிமிடம் வேறு ஏதோ பேசிவிட்டு அந்த வார்த்தைகளைக் கேட்டார்.

அக்கா யோசித்தாள். “மொத ரெண்டும் ஒரே சுருதில சொன்னீங்க. மூணாவதுல குரல் இறங்குச்சு. இப்படி,” என்று முனகிக் காட்டினாள். டாக்டர் சொன்ன அதே ஏற்றம், அதே இறக்கம். வார்த்தை மட்டும் ஒன்றுகூட இல்லை.

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. இன்னும் என்னென்னவோ பரிசோதனைகள் எழுதிக்கொடுத்து, எல்லாம் வந்த பிறகு தங்கையைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஆரம்பக் கட்டம்தாங்க. ஆனா ஆரம்பிச்சிடுச்சு.”

“மூணு வாரத்துல அவளுக்கு ஒரு கச்சேரி இருக்கு. அது முடியிற வரைக்கும் அவகிட்ட சொல்லாதீங்க.”

“சொல்றதுதான் நல்லது. அவங்களுக்கே கொஞ்சம் தெரிஞ்சிருக்கும்.”

“நான் சொல்லிக்கிறேன் டாக்டர். கச்சேரி முடியட்டும்.”

வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “என்னவாம்?”

“உடம்புல இரும்புச் சத்து கம்மியாம்.”

பொய்க்குக் கைகால் வேண்டுமே. போகிற வழியில் மருந்துக் கடைக்குப் போய் இரும்புச் சத்து மாத்திரை ஒரு டப்பா வாங்கினாள். அக்கா ஒரு வேளைகூடத் தவறாமல் அதை விழுங்கினாள். விழுங்கும்போதெல்லாம் தங்கைதான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கச்சேரிக்கு அந்த அரங்கத்துக்காரர்கள் வைத்திருந்த தலைப்பு, ‘மறக்க முடியாத சொனாட்டாக்கள்’. சுவரொட்டியில் அக்காவின் படம், அதன் தலைக்கு மேலே அந்த எழுத்துகள். பேருந்து நிறுத்தத்தில் அதைப் பார்த்தபோது தங்கைக்குக் கிழித்துப் போடலாமா என்று இருந்தது. ஒவ்வொரு சொனாட்டாவுக்கும் முன்னால் அது ஏன் மனதில் நிற்கிறது என்று அக்கா இரண்டு நிமிடம் பேசவும் வேண்டுமாம். வாசிக்க ஆள் பிடித்தால் போதாது, பேசவும் வேண்டும், காலம் அப்படி.

தங்கை மென்று முழுங்கிச் சொல்லிப் பார்த்தாள். “அக்கா, நான் வேணா நோட்ஸோட பக்கத்துல உட்காரட்டுமா? சும்மா, ஒரு துணைக்கு.”

“எனக்கு என்ன கேடு வந்துச்சுன்னு நோட்ஸு?”

மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. நான்காம் நாள் காலையில் சாப்பாட்டு மேசையில் பி ஃபிளாட் சொனாட்டாவின் பழைய புத்தகம் கிடந்தது. அக்கா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அதைத் தங்கை பக்கம் தள்ளினாள்.

“உட்காரு. எனக்காக இல்ல. உனக்கும் பொழுது போகணும்ல.”

தங்கை விடவில்லை. இன்னொன்றும் கேட்டாள். அந்தச் சொனாட்டாவில், வெளியூர் கிளம்பிப் போகிற பகுதியை மொத்தமாக ஒரு தடவை திரும்ப வாசிக்க வேண்டும் என்று குறி போட்டிருக்கும். பல பேர் நீளம் கருதி விட்டுவிடுவார்கள். அக்கா விட்டதே இல்லை. ஏனென்றால் திரும்புகிற இடத்தில் ஒன்பது பார், அதாவது ஒன்பது தாளக் கட்டம், இருக்கிறது. திரும்பி வாசித்தால் மட்டுமே அந்த ஒன்பது பார் காதுக்கு வரும். தொடக்கத்திலிருந்தே இடது கையின் அடிச் சுரங்களில் மெதுவாக உறுமிக்கொண்டிருக்கிற ஒரு நடுக்கம், அங்கே மட்டும் ஒரே ஒரு தடவை வாய்விட்டுக் கத்தும். “அத விடறதுக்கு இந்த சொனாட்டாவையே விடலாம்” என்று மாணவர்களிடம் சொல்வாள். அவள் வகுப்பில் அத்தனை பேரும் அதைத் திரும்ப வாசித்தே ஆக வேண்டும். அவர்களுக்கெல்லாம் பக்கம் புரட்டியது தங்கைதான். நடுக்கம் ஓய்ந்து, தொடங்கிய ராகம் மறுபடி கேட்டதும், பக்கங்களைக் கொத்தாகப் பிடித்து முதல் பக்கத்துக்கே திருப்புவாள். எத்தனை நூறு தடவை என்று கணக்கில்லை.

“இந்த ஒரு தடவ அதத் திரும்ப வாசிக்க வேணாம்க்கா. வளைவு ஒண்ணு கொறையும்.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வளைவு என்ற பேச்சே அதுவரை அவர்களுக்குள் வந்ததில்லை.

அக்கா வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தாள். “சரி. நீ சொன்னா சரி.”

பிறந்ததிலிருந்து அக்கா அந்த நான்கு வார்த்தையைச் சொல்லி அவள் கேட்டதில்லை. டாக்டர் சொன்னதைவிட இதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஒத்திகை ஐந்து தடவை நடந்தது. ஐந்திலும் அக்கா வளைவில் சரியாகத் திரும்பினாள். நோட்ஸைப் பார்க்கவே இல்லை. தங்கை பக்கத்தைப் புரட்டியதெல்லாம் வெறும் அலங்காரம். அவளுக்கு லேசாக நம்பிக்கைகூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. அரங்கம் நிறைந்திருந்தது. அக்காவின் பழைய மாணவர்கள் இரண்டு வரிசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் “கவலையே படாதீங்க மேடம்” என்று சொல்லி எல்லோரையும் கவலைப்பட வைக்கிற மேலாளர் பக்கவாட்டுக் கதவருகே நின்றார்.

முதல் பாதியில், காது கேட்காமல் போனவர் எழுதிய கடைசி சொனாட்டா. மூன்றாவது பகுதி எங்கே என்று பதிப்பாளர்கள் தேடிய கதையைச் சொல்லி அக்கா எல்லோரையும் சிரிக்க வைத்தாள். “ரெண்டு பகுதியோட முடிஞ்சிடுச்சு. அதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லன்னா நிறுத்திடணும். அது தெரிஞ்சவங்க கம்மி,” என்றாள். பிறகு வாசித்தாள். ஒரு சின்னப் பிசிறு இல்லை. தங்கை மேடையின் ஓரத்திலிருந்து கேட்டு, கையெடுத்துக் கும்பிட்டாள். யாரை என்று அவளுக்கே தெரியாது.

இடைவேளைக்குப் பிறகு பி ஃபிளாட். தங்கையும் புத்தகத்தோடு வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். பழைய மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா அதைக் கவனித்தாள்; காட்டிக்கொள்ளவில்லை.

“இதை எழுதினவருக்கு முப்பத்தொரு வயசு. எழுதி முடிச்சு ரெண்டு மாசத்துல போய்ட்டாரு,” என்று தொடங்கினாள். “இது ஏன் மனசுல நிக்குதுன்னு கேட்டிருக்காங்க. ஒரே விஷயத்த ரெண்டு தடவ சொன்னா நம்மள வயசாயிடுச்சுன்னு சொல்வாங்க. ஒரு சொனாட்டா அதையே செஞ்சா மகத்தானதுன்னு சொல்வாங்க. இது மூணு தடவயே சொல்லும். ஆனா கடைசில வீட்டுக்குப் போயிடும். அவ்வளவுதாங்க வித்தியாசம்.”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்குத் தெரியும் என்று அந்த நொடியில் அவளுக்குப் பட்டது.

ராகம் தொடங்கியது. அடியில் நடுக்கம் உறுமி அடங்கியது. வெளியூர்ப் பகுதி முடிந்தது. பேசி வைத்தபடி அக்கா திரும்ப வாசிக்காமல் மேலே போனாள். ஒன்பது பார் இல்லை. அலைச்சல் தொடங்கியது. தங்கை நேரத்துக்கு எழுந்தாள், புரட்டினாள், உட்கார்ந்தாள். அவள் கண் நோட்ஸில் இல்லை. அக்காவின் கைகளில் இருந்தது. இதோ அலைச்சல் முடியப்போகிறது, இதோ சொந்தத் தெரு, இதோ வளைவு வரப்போகிறது, சாமி, சரியாகத் திரும்ப வை. நடுக்கம் மறுபடி உறுமியது. அடங்கியது. தொடங்கிய ராகம் மறுபடி கேட்டது.

அவள் எழுந்து, பக்கங்களைக் கொத்தாகப் பிடித்து, முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு உட்கார்ந்தாள்.

என்ன செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கை செய்தது. நடுக்கம், பிறகு ராகம் என்றால் முதல் பக்கம். நூற்றுக்கணக்கான தடவை பழகிய கை, இன்று திரும்ப வாசிக்கவில்லை என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் பக்கத்தில் இருப்பதும் அக்கா வாசிப்பதும் ஒன்றாகவே இருந்ததால் வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தையும் புரட்டினாள்.

வளைவு வந்தது. அக்காவின் இடது கை சரியான பக்கம் சாய்ந்ததைத் தங்கை கண்ணால் பார்த்தாள். சாய்ந்தது. விரல் கட்டையைத் தொடக்கூடத் தொட்டுவிட்டது. ஒரு கணம் அக்காவுக்கு ஏதோ சந்தேகம். நாற்பது வருடத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் தூக்கி நோட்ஸைப் பார்த்தாள். நோட்ஸில் வெளியூர்ப் பாதை இருந்தது. கை திரும்பி வந்து அந்தப் பாதையில் போனது.

தங்கைக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து பக்கங்களை முன்னால் தள்ளினாள். தாள் சடசடவென்று அரங்கம் முழுக்கக் கேட்டது. சரியான பக்கத்தைக் கண்டுபிடித்து விரித்தபோது அக்கா எங்கோ போய்விட்டிருந்தாள். மறுபடி வெளியூர். மறுபடி அலைச்சல். அத்தனை நிமிடமும் தங்கை மூச்சு விட்டாளா என்பதே சந்தேகம். மறுபடி நடுக்கம், மறுபடி ராகம், மறுபடி வளைவு. சரியான பக்கம் கண்ணுக்கு நேரே விரிந்து கிடந்தது. அக்கா அதைப் பார்க்கவில்லை. இப்போது அவள் கையையும் நம்பவில்லை, கண்ணையும் நம்பவில்லை. தப்பான பக்கமே திரும்பினாள்.

இரண்டாவது வரிசையில் ஒரு மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது முறை அந்த நடுக்கம் உறுமி அடங்கியதும் அக்கா கைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு யாரோ ஒரு புண்ணியவான் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பரிதாபப்பட்டுத் தட்டுகிற கைக்கு வேறு சத்தம். அக்காவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, “கவலையே படாதீங்க மேடம்,” என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார்.

“கை ஒரு பக்கம் போச்சு குட்டி,” என்றாள் அக்கா. “நோட்ஸு ஒரு பக்கம் சொல்லுச்சு. நோட்ஸு தப்பு சொல்லாதுல்ல. அப்போ என் கைக்கே மறந்துபோச்சு. மண்டை போனாலும் கை இருக்கும்னு நெனச்சேன்.”

தங்கை அவள் காலடியில் உட்கார்ந்தாள். “நோட்ஸுதான்க்கா தப்பு. நான் தப்பா புரட்டிட்டேன். பழக்கத்துல மொத பக்கத்துக்குத் திருப்பிட்டேன். உன் கை சரியாத்தான் போச்சு. என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

அக்கா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள். “நீ நாப்பது வருஷத்துல ஒரு பக்கம் தப்பா புரட்டினதில்ல.”

“இன்னிக்குப் புரட்டிட்டேன்க்கா. சத்தியமா.”

“இரும்புச் சத்து மாத்திரையும் நீதான வாங்கிட்டு வந்தே?”

தங்கை தலையை நிமிர்த்தினாள்.

“அந்த டாக்டர் ரூம் கதவுல என்ன எழுதியிருந்துச்சுன்னு எனக்குப் படிக்கத் தெரியாதா? மறதிக்கு வைத்தியம் பாக்கிறவர் எதுக்கு இரும்புச் சத்தப் பத்திப் பேசறாரு? நீ கஷ்டப்படுவேன்னு முழுங்கினேன்.” அக்கா சிரித்தாள். “நான் நோகக் கூடாதுன்னா நீ எதுவும் சொல்லுவே. இதுவும் அதுல சேர்ந்ததுதான். போதும், விடு.”

விடவில்லை. அன்றைக்கும் சொன்னாள், மறுநாளும் சொன்னாள், அழுதும் சொன்னாள், கோபப்பட்டும் சொன்னாள். அரங்கத்துக்காரர்கள் செய்திருந்த ஒலிப்பதிவை வாங்கிவந்து போட்டுக் காட்டினாள். தாள் சடசடக்கிற சத்தம் அதில் இருந்தது. ஆனால் எந்தப் பக்கம் விரிந்து கிடந்தது என்று ஒலிப்பதிவு சொல்லாது. அன்றைக்கு மறந்தது அக்கா இல்லை, தான்தான் என்பது இந்த உலகத்தில் தங்கைக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? அக்கா பியானோவின் மூடியைச் சாத்தி, மேலே ஒரு போர்வையை விரித்தாள். மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டாள். டாக்டர் சொன்ன மாதிரி ஆரம்பித்தது, பிறகு வேகமெடுத்தது. இன்னும் சில வருடம் மிச்சமிருந்த கையை அந்த ஒரு பக்கம் பறித்துக்கொண்டது என்றுதான் தங்கை நினைத்தாள். அப்படி நினைக்காத நாள் அவளுக்கு இல்லை.

எட்டு மாதம் போயிற்று. அக்காவுக்குக் கச்சேரி நடந்ததே மறந்துபோனது. மாணவர்களின் முகங்கள் மறந்துபோயின. மதியச் சாப்பாடு சாப்பிட்டோமா என்பது மறந்துபோனது. தங்கை மட்டும் அவளுக்கு இன்னும் குட்டி.

ஒரு மதியம் தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சத்தம் வராமல் தேய்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் குழாய் நூலாகத்தான் ஓடியது. முன்னறையில் போர்வை சரிகிற சத்தம் கேட்டது. மூடி திறக்கிற சத்தம். பிறகு அந்த ராகம்.

அவள் அப்படியே நின்றாள். அங்கங்கே விரல் தடுமாறியது, ஆனால் போய்க்கொண்டிருந்தது. அக்கா வெளியூர்ப் பகுதியை முடித்தாள். முடித்து, யாரும் கேட்காமலேயே அந்த ஒன்பது பாருக்குள் போனாள். நடுக்கம் வாய்விட்டுக் கத்தியது. தங்கைக்குக் கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. அன்றைக்கு இதை வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தால், தன் கைக்கு எல்லாம் அதனதன் இடத்தில் வந்திருக்கும். முதல் பக்கம் முதல் பக்கமாகவே இருந்திருக்கும்.

திரும்ப வாசித்தாள் அக்கா. அலைந்தாள். நடுக்கம் அடங்கி, ராகம் மறுபடி வந்தது. வளைவு வந்தது.

சத்தம் நின்றது.

“குட்டி, புரட்டு.”

தங்கை ஈரக் கையோடு ஓடினாள். அக்கா கைகளைக் கட்டைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, முன்னால் இருந்த ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஸ்டாண்டில் புத்தகம் இல்லை. ஒரு தாள்கூட இல்லை.

தங்கை இடது பக்கம் போய் நின்றாள். கையை நீட்டி, இல்லாத ஒரு பக்கத்தின் மூலையைப் பிடித்து, மெதுவாகப் புரட்டினாள். இந்தத் தடவை சரியாகப் புரட்டினாள்.

அக்கா அங்கேயே உற்று உற்றுப் பார்த்தாள். தூக்கிய கைகள் இறங்கவில்லை.

“இதுல ஒண்ணுமே எழுதலையே,” என்றாள்.